வேலையை விட்டுப் போனவரிடம் சர்வர் சாவி இருக்கிறது: இப்போது என்ன செய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஆறு பேர் வேலை செய்யும் அலுவலகம். அமேசான் க்ளவுட்டில் மூன்று உபுண்டு (லினக்ஸ்) சர்வர்கள், மூன்றுக்கும் ஒரே பெம் கோப்பு, அதாவது உள்ளே நுழையும் ரகசியச் சாவி. அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்திருக்கிறீர்கள். சர்வர்களை முதலில் அமைத்தவர் போன மாதம் வேறு வேலைக்குப் போய்விட்டார். இப்போது லாகை, அதாவது நுழைவு முயற்சிகளின் பதிவேட்டை, திறந்தால், யாரோ ரூட், அட்மின், டெஸ்ட் என்று பெயரை மாற்றி மாற்றித் தினமும் ஆயிரக்கணக்கான தடவை நுழையப் பார்க்கிறார்கள். "போர்ட் 22-ஐ வேறு எண்ணுக்கு மாற்றினால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (போர்ட் என்பது சர்வரின் எண்ணிட்ட வாசல். 22 எஸ்எஸ்எச்சின் வாசல், அதாவது தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் முறையின் வாசல்.)

போதாது. லாகில் தெரிகிற கூட்டத்தைப் பார்த்து நீங்கள் பயந்திருக்கிறீர்கள். எனக்குப் பயம் லாகில் தெரியாத அந்தப் பெம் கோப்பைப் பற்றித்தான். இணையத்தில் ஐபி முகவரி வாங்கிய எந்த சர்வரின் கதவையும் தானியங்கி நிரல்கள் தட்டிக்கொண்டே இருக்கும். பாஸ்வேர்டால் நுழையும் வழியை அடைத்துவிட்டால் அவை எவ்வளவு தட்டினாலும் உள்ளே வர முடியாது. ஆனால் சரியான சாவியோடு ஒருவர் வந்தால் சர்வர் அவரை மரியாதையோடு உள்ளே விடும், லாகும் "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்றுதான் எழுதும். ஆறு பேரும் ஒரே சாவி வைத்திருப்பதால் அந்த வரியைப் பார்த்து வந்தவர் யார் என்று உங்களால் சொல்லவே முடியாது.

போனவர் நல்லவராகவே இருக்கலாம், அவரைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. அவர் பழைய லேப்டாப்பை விற்றிருந்தால்? அவருடைய போனை வேறு யாராவது கையில் எடுத்தால்? குழுவில் இருந்த கோப்பு எத்தனை போன்களின் டவுன்லோட் ஃபோல்டரில், எத்தனை பேக்கப்பில் கிடக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாத சாவியை வெளியே போன சாவியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். குழுவில் அந்தச் செய்தியை அழிப்பதால் எதுவும் மாறாது.

செய்ய வேண்டியதைச் சொல்வதற்கு முன், சாவி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். இது புரிந்தால் மற்றது தானாகப் புரியும். எஸ்எஸ்எச் சாவி என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு கோப்புகள். ஒன்று ரகசியச் சாவி, உங்கள் கணினியில் இருப்பது. மற்றது பொதுச் சாவி. பெயர்தான் சாவி, அதைப் பூட்டு என்று நினைத்துக்கொண்டால் எளிது. அந்தப் பூட்டை எத்தனை சர்வரில் வேண்டுமானாலும் மாட்டலாம், யார் பார்த்தாலும் நட்டமில்லை. நீங்கள் நுழையும்போது உங்கள் கணினி அந்த இணைப்புக்கென்றே ஒரு கையொப்பத்தை ரகசியச் சாவியால் போடுகிறது. சர்வர் தன்னிடம் உள்ள பொதுச் சாவியால் அதைச் சரிபார்க்கிறது. ரகசியச் சாவி உங்கள் இயந்திரத்தை விட்டு வெளியே போவதே இல்லை.

இந்த ஏற்பாடு பிறந்ததற்கே காரணம் ஒட்டுக்கேட்பு. 1995-ல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். தொலைவிலிருந்து கணினியில் நுழைய உதவும் டெல்நெட்டும் கோப்பு அனுப்பும் எஃப்டிபியும் அப்போது பாஸ்வேர்டை மறைக்காமல் அப்படியே அனுப்பின. அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனென் அதற்குப் பதிலாக எஸ்எஸ்எச்-ஐ எழுதினார். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று இருக்க, நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கினார். நீங்கள் மாற்ற நினைக்கிற எண்ணின் கதை இதுதான். ரகசியம் கம்பியில் பயணம் செய்யக் கூடாது என்பதற்காக உருவான கருவி அது. அதன் ரகசியச் சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அந்த முயற்சியே வீணாகிவிடுகிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் ஆறு பேரும் அவரவர் கணினியில் புதிய சாவி உருவாக்கட்டும். எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையில் இடி25519 (ed25519) என்ற சாவி வகையைக் கேளுங்கள். எஸ்எஸ்எச்சின் பரவலான இலவச வடிவமான ஓப்பன்எஸ்எஸ்எச் 2014 ஜனவரியில் வந்த 6.5 பதிப்பிலேயே இதைச் சேர்த்துவிட்டது. 2023-ல் வந்த 9.5 பதிப்பிலிருந்து வகை எதுவும் சொல்லாவிட்டாலும் இதையே உருவாக்குகிறது. சாவி குட்டையாக இருக்கும், வேகமாக வேலை செய்யும். பழைய கருவி ஏதாவது ஆர்எஸ்ஏ என்ற பழைய சாவி வகையை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும் என்றால் 3072 பிட்டுக்குக் குறையாமல் போடுங்கள். இப்போது பாதுகாப்பில்லாத டிஎஸ்ஏ வகைச் சாவி எங்காவது கிடந்தால் தூக்கி எறியுங்கள்.

உருவாக்கும்போது பாஸ்ஃப்ரேஸ், அதாவது சாவிக் கோப்பைப் பூட்டும் ரகசியச் சொற்றொடர், கேட்கும். பெரும்பாலானவர்கள் இரண்டு முறை என்டர் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். லேப்டாப் தொலைந்தால் உங்கள் சர்வருக்கும் திருடனுக்கும் நடுவில் இருக்கப் போவது அந்த ஒரு வரிதான். தினமும் தட்ட வேண்டியதில்லை, ஏஜென்ட் என்கிற சிறு நிரல் காலையில் ஒருமுறை கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளும். இதில் ஒன்றைக் கவனியுங்கள். பாஸ்ஃப்ரேஸ் உங்கள் கையில் உள்ள கோப்பை மட்டுமே காக்கும். உங்கள் பெம் கோப்புக்கு இப்போது பாஸ்ஃப்ரேஸ் போட்டாலும் மற்ற பிரதிகள் திறந்தேதான் கிடக்கும். அதனால் பழையதைப் பழுதுபார்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

ஒவ்வொருவரும் பொதுச் சாவியை மட்டும், அதாவது பப் என்று முடியும் கோப்பை மட்டும், உங்களுக்கு அனுப்பட்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பரவாயில்லை. ஆனால் அது அவர் அனுப்பியதுதானா என்று போனில் கூப்பிட்டுக் சாவியின் கைரேகையின் (அதை அடையாளம் காட்டும் சிறு எழுத்து வரிசையின்) கடைசிச் சில எழுத்துகளைப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். வீட்டில் ஒரு கணினி, அலுவலகத்தில் ஒன்று என்று வைத்திருப்பவர் இரண்டு சாவி உருவாக்கட்டும், ஒன்றை அங்கும் இங்கும் நகல் எடுக்க வேண்டாம். ஒரு லேப்டாப் போனால் அந்த ஒரு சாவியை எடுத்தால் போதும், ஆள் வேலையைத் தொடரலாம். பொதுச் சாவி வரியின் கடைசியில் குறிப்பு எழுத இடம் உண்டு. அங்கே பெயர், எந்தக் கணினி, எந்த மாதம் உருவாக்கியது என்று எழுதுங்கள். அது பாதுகாப்பைக் கூட்டாது. ஆனால் இரண்டு வருடம் கழித்து அந்தக் கோப்பைத் திறக்கிறவருக்கு அதுதான் துணை.

ஆறு பேருக்கும் சர்வரில் தனித்தனி யூசர் கணக்கு உருவாக்குங்கள். எல்லோரும் உபுண்டு என்ற ஒரே கணக்கில் நுழைவதை நிறுத்துங்கள். யாருக்கு நிர்வாக வேலை உண்டோ அவருக்கு மட்டும் சூடோ, அதாவது நிர்வாகக் கட்டளை ஓட்டும் அனுமதி, கொடுங்கள். அப்புறம் லாகில் யார் வந்தார், எந்தச் சாவியோடு வந்தார், எப்போது வந்தார் என்று கைரேகையோடு தெரியும்.

இனி பழைய சாவியை நீக்குவது. பலர் ஏமாறும் இடம் இது. அமேசான் கன்சோலில் அந்தக் கீ பேரை (சாவி ஜோடியை) அழித்தால் சாவி செத்துவிடும் என்று நினைப்பார்கள். சாகாது. அங்கே அழிப்பது அமேசானின் பட்டியலில் உள்ள ஒரு பதிவை மட்டும்தான். ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்குள், யூசரின் வீட்டு ஃபோல்டரில், ஆத்தரைஸ்டு கீஸ் என்ற கோப்பில் அந்தப் பூட்டு அப்படியே மாட்டியிருக்கும். அந்த வரியை நீங்கள்தான் கையால் எடுக்க வேண்டும், மூன்று சர்வரிலும். இன்னொன்று, இந்த சர்வர்களிலிருந்து முன்பு இமேஜ் (முழு சர்வரின் நகல்) எடுத்து வைத்திருந்தால் பழைய வரி அதற்குள்ளும் இருக்கும். ஆறு மாதம் கழித்து அவசரத்துக்கு அந்த இமேஜிலிருந்து நான்காவது சர்வர் எழுப்புவீர்கள், பழைய சாவியும் சேர்ந்து எழுந்து நிற்கும். எனவே சுத்தம் செய்தபின் புது இமேஜ் எடுத்துவிட்டுப் பழையதை நீக்குங்கள்.

உபுண்டு கணக்கை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். ரூட் என்கிற முழு அதிகாரக் கணக்கிலும், வேறு கணக்குகள் இருந்தால் அவற்றிலும் அதே கோப்பைத் திறந்து ஒவ்வொரு வரிக்கும் "இது யாருடையது?" என்று கேளுங்கள். விடை இல்லாத வரியை எடுத்துவிடுங்கள். உண்மையில் தேவைப்பட்டவர் தானாக வந்து கேட்பார். நான் பொறுப்பேற்ற ஒரு சர்வரில் இப்படி எண்ணியபோது பதினொரு சாவிகள் இருந்தன, ஆட்கள் நான்கே பேர். மற்ற ஏழில் ஒன்று மூன்று வருடம் முன்பு இரண்டு வாரம் வந்து போன ஒப்பந்தக்காரருடையது. யாரும் கெட்ட எண்ணத்தோடு விட்டுவைக்கவில்லை. சேர்ப்பதற்கு ஒரு தேவை வந்தது, சேர்த்தார்கள். எடுப்பதற்கு அப்படி யாரும் வந்து நிற்கவில்லை. சாவிகள் இப்படித்தான் சேர்ந்துகொண்டே போகின்றன.

வரியை எடுத்தாலும் ஏற்கெனவே உள்ளே இருக்கும் இணைப்பு அறுந்துவிடாது. அதையும் பார்த்து முடித்துவிடுங்கள். போனவர் அமேசான் கணக்கில் இருந்தாரா, கோட் இருக்கும் இடத்தில் அதைச் சர்வருக்குக் கொண்டுவரும் டிப்ளாய் சாவி வைத்திருந்தாரா, டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் அவருக்குத் தெரியுமா, இவற்றையும் அதே நாளில் மாற்றுங்கள்.

அடுத்து சர்வர் அமைப்பு. பாஸ்வேர்ட் ஆத்தென்டிகேஷன் என்ற வரியை நோ ஆக்க வேண்டும், கூடவே கீபோர்ட் இன்டராக்டிவ் ஆத்தென்டிகேஷனையும். இரண்டாவதை விட்டுவிட்டால் சில அமைப்புகளில் பாஸ்வேர்ட் அந்தப் பின்வாசல் வழியாக வந்துவிடும். ரூட் நேரடியாக நுழைவதையும் நிறுத்துங்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. உபுண்டுவின் புதிய பதிப்புகளில் முக்கிய அமைப்புக் கோப்பின் மேல்பகுதியிலேயே பக்கத்து ஃபோல்டரில் உள்ள சிறு கோப்புகளைப் படிக்கச் சொல்லும் வரி ஒன்று உண்டு. எஸ்எஸ்எச் ஒரு அமைப்பை முதலில் எங்கே பார்க்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும், பின்னால் வருவதைக் கண்டுகொள்ளாது. சில ஹோஸ்டிங் இடங்களில் சர்வரை உருவாக்கும்போதே க்ளவுட்-இனிட் என்ற தொடக்க அமைப்பு நிரல் அந்தச் சிறு கோப்பில் பாஸ்வேர்டுக்கு யெஸ் எழுதிவிடுகிறது. நீங்கள் கீழே நோ என்று எழுதி, ரீஸ்டார்ட் செய்து, நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். கதவு திறந்தே இருக்கும். அதனால் கோப்பில் என்ன எழுதினோம் என்பதை நம்ப வேண்டாம். எஸ்எஸ்எச்டி கட்டளையோடு பெரிய எழுத்து டி (-T) கொடுத்தால் எல்லாக் கோப்புகளையும் படித்தபின் உண்மையில் எடுத்துக்கொள்ளும் அமைப்பு முழுவதையும் காட்டும், அதைப் பாருங்கள். சிறிய எழுத்து டி (-t) கொடுத்தால் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும். ரீஸ்டார்ட்டுக்கு முன் இரண்டையும் ஓட்டிவிடுங்கள்.

வேலை முடிகிற வரை பழைய விண்டோவை மூடவே கூடாது. புது விண்டோ திறந்து, புதிய சாவியால் உள்ளே வந்து, சூடோவும் ஓடுகிறது என்று பார்த்தபின்தான் பழையதை மூடலாம். இதைச் செய்யாமல் ஒருமுறை வெளியே மாட்டிக்கொண்டேன். புதிய சாவியைப் போட்டேன், பாஸ்வேர்டை நிறுத்தினேன், விண்டோவை மூடினேன். பிறகு எந்தச் சாவியும் ஏறவில்லை. கோப்பு ஏற்றும் சிக்கலைத் தீர்க்க யாரோ முன்பு வீட்டு ஃபோல்டருக்கு எல்லோரும் எழுதலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். அப்படி இருந்தால் எஸ்எஸ்எச் அந்தக் கணக்கின் சாவிக் கோப்பை நம்பாது, சத்தமில்லாமல் மறுத்துவிடும். ஹோஸ்டிங் நிறுவனத்தின் அவசர கன்சோல் வழியாக உள்ளே போய்ச் சரிசெய்ய இரண்டு மணி நேரம் ஆனது, அவ்வளவு நேரமும் வாடிக்கையாளர் காத்திருந்தார். எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு அனுமதி எண் 700, அதற்குள் உள்ள கோப்புக்கு 600 (இரண்டும் உரிமையாளருக்கு மட்டும் அனுமதி), வீட்டு ஃபோல்டரில் பிறர் எழுத அனுமதி இல்லை. இந்த மூன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இப்போது உங்கள் போர்ட் கேள்விக்கு முழு விடை சொல்லலாம். எண்ணை மாற்றினால் லாகில் கூட்டம் குறையும், படிக்க வசதியாக இருக்கும். அதற்காக மாற்றுவதென்றால் மாற்றுங்கள், தேடி வருகிறவரை அது தடுக்காது. பலமுறை தவறுபவரின் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போன்ற கருவியும் ஏறக்குறைய அப்படித்தான். இவற்றைவிட நல்ல வழி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அமேசானின் செக்யூரிட்டி குரூப்பில் (யார் எந்தப் போர்ட்டுக்கு வரலாம் என்ற விதிப் பட்டியலில்) எஸ்எஸ்எச் போர்ட்டை உலகம் முழுவதற்கும் திறக்காமல் அலுவலகத்தின் நிலையான ஐபிக்கு மட்டும் திறங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு வயர்கார்ட் என்கிற விபிஎன் (மறைகுறியிட்ட தனி இணைப்பு) போடுங்கள்.

சாவி சரியாக இருந்தால் இது எதற்கு என்று கேட்கலாம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் ஒரு பின்கதவு மறைத்து வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. எஸ்எஸ்எச் சர்வருக்குள் புகுந்து, தாக்குபவரிடம் உள்ள ஒரு சாவிக்கு மட்டும் திறக்கும்படி அமைத்திருந்தார்கள். உங்கள் சாவி எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அது கவலைப்பட்டிருக்காது. எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருளாளர் தோண்டிப் பார்த்ததால்தான் பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச் சேருமுன் அது பிடிபட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரிலேயே, நுழைவதற்கு முன்பே தாக்கக்கூடிய ஓட்டை ஒன்றைக் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்டது. 9.8 பதிப்பில் அது அடைக்கப்பட்டது. இப்படிப்பட்ட நாட்களில், உங்கள் போர்ட்டை யாரும் தொடவே முடியாது என்றால் அப்டேட் போட உங்களுக்கு அவகாசம் கிடைக்கும். தானியங்கிப் பாதுகாப்பு அப்டேட்டையும் இயக்கி வையுங்கள்.

மனிதர்கள் அல்லாத பயனர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரவில் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டுக்கும் ஒரு சாவி இருக்கும். பாஸ்ஃப்ரேஸ் தட்ட ஆளில்லாததால் அந்தச் சாவி திறந்தபடிதான் கிடக்கும். அதற்கு முழு வீட்டையும் திறந்துவிடாதீர்கள். ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நிபந்தனை எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஃப்ரம் என்று எழுதி ஒரு ஐபியைக் கொடுத்தால் அங்கிருந்து மட்டுமே அந்தச் சாவி செல்லும். கமாண்ட் என்று எழுதி ஒரு கட்டளையைக் கொடுத்தால், சாவியோடு வந்தவர் என்ன கேட்டாலும் அது ஒன்றுதான் ஓடும். ரெஸ்ட்ரிக்ட் என்று ஒரு சொல் சேர்த்தால் டெர்மினல், ஃபார்வர்டிங் எல்லாம் ஒரேயடியாக நிற்கும். இந்த மூன்றையும் போட்ட பேக்கப் சாவி திருடு போனாலும் திருடனால் அந்த ஒரே இடத்திலிருந்து அந்த ஒரே வேலையைத்தான் செய்ய முடியும். தற்காலிக ஆட்களுக்கு எக்ஸ்பைரி-டைம் என்று காலாவதித் தேதியும் போடலாம். அந்த ஒப்பந்தக்காரரின் சாவிக்கு இதைப் போட்டிருந்தால் மூன்று வருடம் கிடந்திருக்காது.

உங்கள் ஏஜென்டை நடு சர்வரிலிருந்தும் பயன்படுத்த விடும் ஏஜென்ட் ஃபார்வர்டிங்கைத் தவிருங்கள். ஒரு சர்வர் வழியாக இன்னொன்றுக்குப் போக வசதியாக இருக்கிறது என்று அதை இயக்குகிறார்கள். நடு சர்வரில் ரூட் அதிகாரம் பிடித்தவர், நீங்கள் இணைந்திருக்கும் வரை உங்கள் ஏஜென்டைக் கொண்டு உங்கள் பெயரில் மற்ற சர்வர்களுக்குப் போக முடியும். 2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸ் என்ற திறந்த அரட்டைத் திட்டத்தின் சர்வர்களில் நடந்தது இதுதான். ஜென்கின்ஸ் என்ற தானியங்கிக் கட்டமைப்புக் கருவியின் ஓட்டை வழியாக நுழைந்தவர் அங்கிருந்து ஃபார்வர்ட் ஆன சாவிகளைப் பிடித்துக்கொண்டு மற்ற இடங்களுக்குப் பரவினார். ப்ராக்ஸிஜம்ப் என்ற எஸ்எஸ்எச் வசதி அதே வேலையைச் செய்யும், உங்கள் ஏஜென்டை நடுவில் யாரிடமும் நீட்டாது.

சர்வர் பக்கமும் ஒரு சாவி உண்டு. முதல்முறை இணையும்போது "இந்தக் கைரேகையை நம்பலாமா?" என்று கேட்கும், எல்லோரும் யெஸ் தட்டிவிடுகிறோம். பிறகு ஒருநாள் "கைரேகை மாறிவிட்டது" என்று பெரிய எச்சரிக்கை வரும். நீங்கள் சர்வரை மறுபடி நிறுவியிருந்தால் அது இயல்புதான். காரணம் தெரியாவிட்டால் பழைய வரியை அழித்துவிட்டு உள்ளே போகாதீர்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 மார்ச்சில் கோட் சேமிக்கும் தளமான கிட்ஹப் தன்னுடைய ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் சாவி (சர்வரின் சாவி) ஒரு பொது ரெப்போவில், அதாவது கோட் களஞ்சியத்தில், சிறிது நேரம் வெளியே தெரிந்துவிட்டதால் அதையே மாற்றியது. உலகம் முழுவதும் இந்த எச்சரிக்கை வந்தது. புதிய கைரேகையைத் தங்கள் தளத்தில் வெளியிட்டிருந்தார்கள், ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் சரியாகச் செய்தார்கள்.

பணமும் விருப்பமும் இருந்தால் நிர்வாகம் செய்யும் இருவருக்காவது யூபிகீ போன்ற வன்பொருள் சாவி வாங்கிக் கொடுங்கள். 2020-ல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.2 முதல் அதை நேரடியாகப் பயன்படுத்தலாம். லேப்டாப்பில் உள்ள கோப்பை நகல் எடுத்தாலும் அந்தக் கருவி கையில் இல்லாமல் உள்ளே வர முடியாது. ஆளும் சர்வரும் பெருகி, ஒவ்வொரு கோப்பாகத் திருத்துவது தாங்காது என்ற நிலை வந்தால் எஸ்எஸ்எச் சான்றிதழ் முறைக்குப் போகலாம். காலையில் வாங்கிய அனுமதி மாலையில் தானாகக் காலாவதியாகும்படி செய்ய முடியும். ஆறு பேருக்கு இப்போது அது தேவையில்லை என்பது என் கருத்து.

உங்களுக்கு இப்போது தேவை ஒரே ஒரு தாள். யார், எந்தக் கணினி, எந்தக் கைரேகை, எந்தெந்த சர்வர், எப்போது சேர்த்தது. ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அடையாள அட்டையை வாங்குகிற அதே நபர் இந்தத் தாளையும் எடுக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வரில் உள்ளதோடு தாளை ஒப்பிடுங்கள். லாகையும் சர்வருக்கு வெளியே ஓரிடத்தில் சேமியுங்கள், உள்ளே புகுந்தவர் முதலில் அழிப்பது அதைத்தான். இந்தியாவில் இயங்கும் நிறுவனம் என்றால் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு 180 நாள் லாகை வைத்திருக்கச் சொல்கிறது, ஊடுருவல் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது.

எல்லாம் முடிந்தபின் அந்தப் பழைய பெம் கோப்பை அழிப்பதற்கு முன் ஒருமுறை பயன்படுத்துங்கள். மூன்று சர்வரிலும், உபுண்டு கணக்கிலும் ரூட் கணக்கிலும், ஏஜென்டில் உள்ள புதிய சாவி உதவிக்கு வராதபடி அந்தக் கோப்பை மட்டும் கொடுத்து நுழைந்து பாருங்கள். ஆறு தடவையும் "பெர்மிஷன் டினைடு" என்று வர வேண்டும். ஒரு தடவை கதவு திறந்தாலும் எங்கோ ஒரு வரி பாக்கி இருக்கிறது, அதைத் தேடி எடுத்துவிட்டு மறுபடி ஆறு தடவையும் முயலுங்கள்.